அவனுக்கு விருந்து, அவளுக்கு விரதம்

குற்றாலத்தில் இந்த வருடம் சாரல் தொடங்கிய அன்று, என் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் இளம் மருத்துவர் எனக்குப் போனில் ஒரு படம் அனுப்பினாள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், மேலகரம் தாண்டி வைத்திருக்கும் பெரிய விளம்பரத் தட்டி. பசி குறைய வாரம் ஒரு ஊசி, ஆண்மை பெருக மாதம் ஒரு ஊசி, இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் சீசன் சலுகை. சட்டையில்லாத ஒரு வெள்ளைக்காரன் வயிற்றை எக்கிக்கொண்டு சிரிக்கிறான். "மேடம், இதப் பத்தி நீங்க எழுதுங்க. நாங்க சொன்னா தொழில் பொறாமைன்னு சொல்லுவாங்க" என்று கீழே எழுதியிருந்தாள்.

நான் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கோபப்படக் கூடாது என்று எனக்கு வைத்தியம் பார்ப்பவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஹார்மோன் மருத்துவராக வேலை பார்த்தேன். சர்க்கரை, தைராய்டு என்று கூட்டம் எப்போதும் இருக்கும். ஆண்மைக் குறைவு, குழந்தையின்மை என்று வருகிற ஆண்களும் என்னிடம்தான் வந்தாக வேண்டும். வருவார்கள், உள்ளே ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகம் மாறும். "வயிறு ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்பார்கள். எல்லோருக்கும் வயிறுதான். நானும் சளைக்காமல் வயிற்றிலிருந்தே தொடங்குவேன். என்ன சாப்பிடுகிறீர்கள், எப்போது சாப்பிடுகிறீர்கள், பசிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனால் உண்மையான விஷயம் தானாக வெளியே வந்துவிடும். இது நான் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியருடைய வழக்கம்.

மேற்படிப்பில் பட்ட பாட்டையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், அதட்டிப் பேசத் தெரியாது. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார், அவ்வளவுதான். அதற்கே நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம். டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ஒரு ரிப்போர்ட்டை நீட்டினால் அதிலுள்ள எண்ணைப் பார்க்கவே மாட்டார். "ரத்தம் எப்ப எடுத்தே? அதுக்கு முன்னால என்ன சாப்பிட்டார்? ராத்திரி தூங்கினாரா?" என்று மூன்று கேள்வி கேட்பார். தெரியாது என்று சொல்லிவிட்டால் கண்ணாடி மேஜைக்குப் போய்விடும். அந்த ரிப்போர்ட் செல்லாது, நோயாளியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு மறுபடி வரச்சொல்ல வேண்டும். காலையில், வெறும் வயிற்றில், நன்றாகத் தூங்கி எழுந்த உடம்பில் எடுத்த ரத்தம்தான் அவருக்குக் கணக்கு. அதிலும் ஒரு முறை எடுத்தது போதாது, வேறொரு நாள் இன்னொரு முறை எடுத்து இரண்டும் குறைவாக இருந்தால்தான் குறைவு என்ற சொல்லையே உச்சரிக்க விடுவார். அதற்குப் பிறகும் மருந்துச் சீட்டில் கை வைப்பதற்கு முன்னால் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "உங்களுக்குப் பிள்ளை வேணுமா?" இதைக் கேட்காமல் யாருக்காவது ஆண் ஹார்மோன் ஊசி எழுதினால் அவன் தன் மாணவனே இல்லை என்பார்.

சாப்பாட்டுக்கும் ஆண்மைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இதுதான். இரைப்பையும் குடலும் சோற்றை அரைக்கிற இயந்திரம் மட்டும் இல்லை, அவையும் ஹார்மோன் சுரக்கின்றன. வயிறு காலியானால் இரைப்பையிலிருந்து கிரெலின் என்று ஒன்று கிளம்பி, பசிக்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. சாப்பிட்டதும் குடலிலிருந்து வேறு சில கிளம்பி, போதும் என்று சொல்கின்றன. ஆணின் விரையை வேலை செய்ய வைப்பதும் அதே மூளையின் அடியிலிருந்து வருகிற உத்தரவுதான். ஒருவன் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தால் மூளை இது பஞ்ச காலம் என்று முடிவு கட்டி, பிள்ளை பெறுகிற வேலையைக் குறைத்துக்கொள்கிறது. பசி ஹார்மோன் ஏறினால் அந்த உத்தரவு இறங்குகிறது. மறுபக்கம், வயிறு முட்டச் சாப்பிட்ட சில மணி நேரத்துக்கு டெஸ்டோஸ்டிரோன் தற்காலிகமாக இறங்கிவிட்டு மறுபடி ஏறும். அதில் குடல் ஹார்மோன்களுக்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை. தெளிவாகாததைத் தெளிவானதுபோல் சொல்ல எனக்கு வராது. ஆனால் இறங்குகிறது என்பதில் சந்தேகமே இல்லை.

ஒரு தடவை சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். போலீஸ் தேர்வுக்காக உடம்பை இறக்குகிறேன் என்று ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு, விடியற்காலை ஓட்டம், சாயங்காலம் ஓட்டம். கன்னம் ஒட்டிப்போய், தாடி வளர்வது குறைந்து, பெண்ணைப் பார்த்தால்கூட எதுவும் தோன்றவில்லை என்று என் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். ஹார்மோன் பாதாளத்தில் இருந்தது. அப்பா விவசாயம் என்றார்.

"தண்ணி இல்லாத வருஷம் ஒங்கப்பா நாத்துப் பாவுவாரா?"

"பாவ மாட்டாரு டாக்டர்."

"ஒங்க மூளையும் பாவ மாட்டேங்குது. மொதல்ல சோத்தத் தின்னுங்க."

மருந்தே கொடுக்கவில்லை. சில மாதத்தில் சரியாகி, உடம்பும் தேறி, தேர்விலும் தேறினார். இதே ஆள் அந்தத் தட்டியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் பசியை இன்னும் கொல்ல ஒரு ஊசியும், அதனால் விழுந்ததைத் தூக்க ஒரு ஊசியும் போட்டு அனுப்பியிருப்பார்கள்.

இனி இசக்கிமுத்துவின் கதை. பெயரை மாற்றியிருக்கிறேன். வீரகேரளம்புதூர் பக்கம் ஒரு ஊர். வளைகுடாவில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் இரவு ஷிப்ட் வேலை, வருடத்துக்கு ஒரு மாதம் லீவு. அவர் மனைவி மாரிச்செல்வி. கல்யாணமாகி நான்கு வருடம் குழந்தை இல்லை. நான்கு வருடம் என்று ஊர் சொல்கிறது. சேர்ந்து இருந்தது மொத்தம் நான்கு மாதம் என்பதை ஒருவரும் சொல்வதில்லை.

அவர்கள் இருவரும் என் அறைக்குள் வந்தபோது லீவு முடிய இரண்டு வாரம்தான் இருந்தது. இசக்கிமுத்துவின் அம்மா கெடு வைத்துவிட்டார். இந்த லீவுக்குள் ஒரு நல்ல செய்தி இல்லை என்றால் மருமகளைத் தாய்வீட்டில் கொண்டுவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்ப்பது என்று முடிவு. செல்வியின் மணிக்கட்டை என் விரலால் சுற்றிப் பிடித்தால் விரல் மிச்சமிருந்தது. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன்.

"மாசத்துல ரெண்டு சஷ்டி மேடம். செவ்வா, வெள்ளி ஒரு நேரம். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் வெறும் பாலு."

"யாரு சொன்னா?"

"அத்த சொன்னாவ. பிள்ளைக்காவ."

மாத விலக்கு ஒழுங்கில்லாமல் போயிருந்தது. போகாமல் என்ன செய்யும்? பட்டினி ஆணுக்கு என்ன செய்யுமோ அதையேதான் பெண்ணுக்கும் செய்யும். பிள்ளை வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பிள்ளை உருவாக விடாத பட்டினியை அந்தப் பெண் தலையில் கட்டியிருக்கிறார்கள். சாமி மேல் எனக்குக் கோபம் இல்லை. சாமி யாரையும் இளைக்கச் சொல்லவில்லை.

இசக்கிமுத்து தோள் புடைத்து, கழுத்து தடித்து, நெற்றியெல்லாம் பரு வெடித்து ஜிம் விளம்பரம் மாதிரி இருந்தார். கையோடு கொண்டுவந்திருந்த விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டில் அணு ஒன்றுகூட இல்லை. செல்வியை வெளியே அமர்த்திவிட்டு, ஆண் நர்ஸை உடன் வைத்துக்கொண்டு பரிசோதித்தேன். விரைகள் சுருங்கியிருந்தன.

"ஊசி ஏதும் போடுதீங்களா தம்பி?"

"சத்து ஊசி டாக்டர். போன லீவுல ஆரம்பிச்சேன். அங்கன நம்ம ஊரு நர்ஸ் ஒருத்தரு இருக்காரு, அவரு போட்டு விடுதாரு."

"யாரு எழுதிக் குடுத்தா?"

மெல்ல மெல்லத்தான் சொன்னார். போன லீவில் மச்சான்மார்களோடு குற்றாலம் போயிருக்கிறார். லீவில் வந்த ஆளை ஊர் சும்மா விடாது. பெரியம்மா வீட்டில் கறி, அக்கா வீட்டில் பிரியாணி, மாமா வீட்டில் கிடா என்று ஒரு நாள் விடாமல் விருந்து. அன்றைக்கும் ஐந்தருவியில் குளித்துவிட்டு, கேரள எல்லைப் பக்கம் பார்டர் கடையில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது இதே போன்ற ஒரு போர்டு. ஆண்மைப் பரிசோதனை இலவசம். மச்சான்மார் கேலி செய்துகொண்டே வண்டியை விட, இவர் மெடிக்கலில் மாத்திரை வாங்கப்போகிறேன் என்று இறங்கி உள்ளே போயிருக்கிறார்.

"அப்ப நேரம் என்ன?"

"மத்தியானம் சாப்ட்டு முடிச்சிட்டு. மூணு மணி இருக்கும்."

"முந்தின நாள் ராத்திரி தூங்குனீங்களா?"

"எனக்கு ராத்திரி தூக்கம் வராதுல்லா டாக்டர். ஷிப்ட் பழக்கம். முழிச்சிக் கெடந்தேன்."

பகல் மூன்று மணி, வயிறு நிறையக் கோழி, கண்ணில் தூக்கம் இல்லை. என் பேராசிரியர் இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றி வைத்திருப்பார். எனக்கு மேஜையையே கவிழ்த்துப் போடலாம்போல் இருந்தது. அந்த நேரத்தில், அந்த வயிற்றோடு ரத்தம் எடுத்தால் நல்ல ஆண்பிள்ளைக்கும் அளவு குறைவாகத்தான் வரும். அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, பிள்ளை வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்காமல், ஆண் ஹார்மோன் ஊசியைக் குத்தியிருக்கிறார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்து நிறைந்ததும் மூளை தன் உத்தரவை நிறுத்திக்கொண்டது. தோள் வளர்ந்தது. விந்தணு நின்றது. பிள்ளை பிறக்கும் என்று நம்பி அவர் போட்டுக்கொண்ட ஊசியே பிள்ளைக்குத் தடையானது. இந்த லீவில் விந்தைப் பரிசோதித்து, நின்றுபோனதைக் கண்டுபிடித்ததும் அதே கிளினிக்தான். கண்டுபிடித்து என்ன சொன்னார்கள் தெரியுமா? பிறவிக் கோளாறு, வேறொருவர் விந்து வாங்கித்தான் குழந்தை என்று.

அந்தக் கிளினிக் டாக்டரை அதே வாரம் குற்றாலத்தில் ஒரு மருத்துவர் கூட்டத்தில் பார்த்தேன். பேச்சு முடிந்து எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நான் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நோயாளியின் பெயரைச் சொல்லாமல் கேட்டேன்.

"விருந்து சாப்ட்டுட்டு வந்தவனுக்கு மூணு மணிக்கு ரத்தம் எடுத்தீங்களாமே?"

"அதனால என்ன மேடம்? சுகருக்குத்தான வெறும் வயிறு?" என்றார், பன்னீரை எடுத்துப் போட்டுக்கொண்டே.

"கல்யாணம் ஆனவனா, பிள்ளை வேணுமான்னு கேட்டீங்களா?"

"அது அவன்லா சொல்லணும். ஊசி போட்டா நல்லாருக்குன்னு அவனே சொல்லுதான். நீங்க ஏன் டென்ஷன் ஆகுதீங்க?"

படித்த படிப்பு அத்தனையும் எங்கே போயிற்று என்று உரக்கவே கேட்டேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்துக்கொண்டே ரசம் வாங்கப் போய்விட்டார். மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதினேன். விளக்கம் கேட்டார்கள், விளக்கம் கொடுத்தார், தட்டி மட்டும் புதிதாக வந்திருக்கிறது.

இசக்கிமுத்துவிடம் ஊசியை உடனே நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினால் சில மாதம் சோர்வாக இருக்கும், மனசு விட்டுப்போகும், தோள் இறங்கும், பயந்துபோய் மறுபடி ஊசியைத் தேடக் கூடாது என்றேன். நின்றுபோன உத்தரவுக்குப் பதிலாக விரையைத் தட்டி எழுப்ப வேறு மருந்து கொடுத்தேன். பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சில பேருக்கு வருடமும் தாண்டும். அதுவரை வேறொருவர் விந்து, வேறு வைத்தியம் என்று செல்வியை யாரும் தொடக் கூடாது என்றேன்.

"ஒங்கம்மாட்ட சொல்லணும் தம்பி. கோளாறு ஒங்களுக்கு, அதுவும் ஊசியால வந்ததுன்னு."

"அய்யோ, எங்கம்மா தாங்காது டாக்டர். ஊருல தலை காட்ட முடியாது. எங்கிட்ட சொன்ன மாதிரி அதுகிட்ட சொல்லிராதீங்க."

நோயாளி ரகசியம் என்று ஒன்று இருக்கிறது. அவர் வேண்டாம் என்றால் பெற்ற தாயிடம்கூட நான் வாய் திறக்க முடியாது. செல்வியிடமாவது சொல்லுங்கள் என்று பிடிவாதமாக நின்று, என் எதிரிலேயே சொல்ல வைத்தேன். அவள் அழவில்லை. "அப்ப நான் இனி சாப்பிடலாமா மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

மாமியாரை வரச்சொன்னேன். இன்னும் ஒரு வருடம் பொறுக்க வேண்டும், வைத்தியம் நடக்கிறது, மருமகள் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கக் கூடாது, கிடந்தால் நான் வைத்தியத்தை நிறுத்திவிடுவேன் என்றேன். கடைசியாகச் சொன்னது சுத்தப் பொய், ஆனால் அதற்குத்தான் அந்த அம்மா பயந்தார். "ஒரு வருசம்தான் தாயி, அதுக்கு மேல என்னால முடியாது" என்று எழுந்து போனார். யாருக்கு வைத்தியம் என்று அவரும் கேட்கவில்லை, என்னாலும் சொல்ல முடியவில்லை.

அந்த வருடம் முழுவதும் செல்வி மாதம் ஒரு முறை வந்தாள். மீன், முட்டை, சோறு என்று சாப்பிட்டு உடம்பு தேறியது, விலக்கு ஒழுங்கானது. இசக்கிமுத்து அங்கிருந்து போனில் புலம்புவார். உடம்பு துவண்டு கிடக்கிறது, ஒரே ஒரு ஊசி போட்டுக்கொள்ளவா என்பார். போட்டால் என் நம்பரை அழித்துவிடுங்கள் என்பேன். அங்கேயே எடுத்த முதல் விந்துப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. மாமியார் வைத்த கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் கொஞ்சம் அணு தெரிந்தது. லீவைக் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு மாதமாக்கிக்கொண்டு வரச்சொன்னேன். வந்தார். அந்த இரண்டு மாதத்துக்குள் செல்விக்கு நாள் தள்ளிப்போனது.

பெண் குழந்தை. இசக்கிமுத்து அடுத்த லீவுக்கு வந்து பெயர் வைத்த கையோடு, மாமியாரும் சேர்த்து மூவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெறப்போகிற கடைசி வாரம் அது. மாமியார் பெரிய இனிப்புப் பெட்டியை என் மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க நல்லாருக்கணும் தாயி. கோளாறு புடிச்ச இவள ஒரு மனுசியாக்கிக் குடுத்திட்டீங்க. எம்மவன் பொறுமைசாலி. வேற எவனா இருந்தாலும் இவள எப்பவோ கொண்டு விட்டுருப்பான்."

நான் இசக்கிமுத்துவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். ஒரு வாக்கியம் போதும். கோளாறு அவளுக்கு இல்லம்மா, எனக்குத்தான் என்று ஒரு வாக்கியம். அவர் போனை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இத நான் வாங்க முடியாதும்மா. யாருக்கு வைத்தியம் பாத்தேன்னு ஒங்க மகன் சொல்லட்டும். பொறவு வாங்கிக்கிடுதேன்" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் நான் மருத்துவர் இல்லை.

மாமியாருக்குப் புரியவில்லை. மகன் முகத்தைப் பார்த்தார், மருமகள் முகத்தைப் பார்த்தார். செல்விதான் எழுந்தாள். குழந்தையை மாமியார் மடியில் வைத்துவிட்டு, பெட்டியை மேஜையிலிருந்து எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"டாக்டர் சொன்னது கேட்டுச்சுல்லா? அத்தைட்ட என்னைக்குச் சொல்லுதீங்களோ, அன்னைக்கு நீங்களே கொண்டாந்து குடுங்க."

அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. இசக்கிமுத்து பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு ஒரு லீவு வந்து போய்விட்டது. அவருக்கு என் வீடு தெரியும். இன்னும் வரவில்லை.